சிரம்பான் ஏரிக்கரையில் கேட்ட கேள்வி

புலாவ் செபாங்கில் ரயில் ஏறியதிலிருந்து மலர்க்கொடி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மடியில் மதியத்துக்குக் கட்டிய பீகூன் சேமியாப் பொட்டலம். எதிரே அவள் கணவர் காந்தன் சன்னலோடு ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் லோரி ஓட்டிய மனுஷனுக்கு, யாரோ ஓட்டத் தான் சும்மா உட்கார்ந்து போவதில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கொடி, ரெம்பாவ் வந்துருச்சு. உங்க எஸ்டேட்டு இந்தப் பக்கம்தானே?"

"எஸ்டேட்டு எங்க இருக்கு? எல்லாம் வரிசை வரிசையா தாமான் வீடா ஆயிருச்சு."

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இதே ரெம்பாவில்தான் அவள் பச்சைப் புடவை கட்டி ரயில் ஏறினாள். பெண் பார்க்க வருகிறவர்களை எஸ்டேட் லயத்து வீட்டுக்கு அழைக்க அவள் அப்பாவுக்குப் பயம். மாப்பிள்ளை வேண்டாமென்றுவிட்டால், மறுநாள் விடிகாலை பேர் கூப்பிடும் பெரட்டிலேயே அது பேச்சாகிவிடும். அதனால் இரண்டு குடும்பமும் சிரம்பான் லேக் கார்டனில் சந்திப்பதாக ஏற்பாடு. காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி ஏரியைச் சுற்றி நடக்கலாம். பிடிக்காவிட்டால் ஊருக்குத் தெரியாமல் அவரவர் ரயிலில் திரும்பிவிடலாம்.

அன்று துணைக்கு வந்தவள் சித்தப்பா மகள் தாரணி. கலகலப்பானவள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அவளுக்கும் பச்சைப் புடவைதான். தீபாவளிக்கு ஒரே கடையில் எடுத்த சோடி.

போன மாதம் மஸ்ஜித் தானா ஊரில் ஒரு கல்யாண வீட்டில் காந்தனின் அத்தை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள்: "இவன் அன்னிக்குத் தாரணியத்தான் பொண்ணுன்னு நெனச்சுத் தலையாட்டுனான்லா!" எல்லாரும் சிரித்தார்கள். மலர்க்கொடியும் சிரித்தாள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதுகூட மனசு சாமியிடம் நிற்கவில்லை. "எங்கயாவது போயிட்டு வாங்கம்மா" என்று மகள் சொன்னதும், சிரம்பான் என்று வாய்விட்டுச் சொன்னது அவள்தான்.

ஏரிக்கரையில் கூட்டமில்லை. தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரு பெரிய உடும்பு தண்ணீரில் இறங்கி நிதானமாக நீந்திப் போயிற்று. 'கேட்டுடுறேன் தாயே' என்று மாரியம்மனை நினைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒன்னு கேப்பேன். சாமி மேல ஆணையா உண்மைய சொல்லணும்."

"டிக்கெட்ட நான் தொலைக்கலலா. பையிலதான் இருக்கு."

"அது இல்ல. அன்னிக்கு இங்க யாரப் பாத்து சரின்னு சொன்னீங்க?"

காந்தன் வாய்க்குக் கொண்டுபோன பீகூனைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தார்.

"அத்த சும்மாவே இருக்க மாட்டாங்க..."

"அத்தைய விடுங்க."

காந்தன் ஏரியைப் பார்த்தார். "தாரணியத்தான், கொடி. ரெண்டும் பச்சைப் பொடவ, யாரும் கை காட்டல. நிச்சயத்தன்னிக்கு நீ தட்டோட வந்து நின்னப்பதான் தெரிஞ்சுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? உங்க பெரியப்பா மீசைய முறுக்கிக்கிட்டு எதுத்தாப்ல உக்காந்திருந்தாரு!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தன் பங்கு பீகூனைத் தள்ளி வைத்தாள். "அப்போ பயந்துதான் என்னைக் கட்டுனீங்க."

"ஆமா. மொத மூணு மாசம் மனசு சரியில்லதான். அப்புறம் ஒருநாள் டுரியான் துங்கால் ஊருப் பக்கம் லோரி கெட்டுப்போயி, மூணு மணிக்குச் சோத்துக்கு வந்தேன். நீ சாப்பிடாம உக்காந்திருந்த. ஏன்னு கேட்டா, 'ஒரே முட்டதான் இருக்கு. நீங்க வந்து பாதிய எடுத்தாதான் மீதிய நான் நிம்மதியா திங்க முடியும்'னு சொன்ன. அன்னிக்குச் சிரிச்சேன் பாரு, அதோட சரி. வேற மொகமே மனசுல இல்ல."

மலர்க்கொடி விரல் மடக்கினாள். கல்யாணம் தை மாதம். மாசி, பங்குனி, சித்திரை.

"சித்திரையிலயே சரியாயிருச்சா?"

"சித்திர முடியறதுக்குள்ள."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள்.

"யாருக்குடி இப்போ?"

"தாரணிக்கு. ஒரு மாசமா அவ கூப்பிட்டு நான் எடுக்கல. பாவம், என்ன நெனச்சிருப்பாளோ."