ருசி பார்க்காத பேரீச்சம்பழம்

இந்த ஊரில் பசியை வரவழைக்கவும் தனியாக ஒரு பலகாரம் வேண்டியிருக்கிறது. மெல்போர்னுக்கு மகனோடு வந்து மூன்று வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. விருந்துக்கு வந்தவர்களை உடனே சாப்பிட உட்கார வைக்க மாட்டார்கள். கையில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, நின்றபடியே எதையாவது கொறிக்கச் சொல்வார்கள். காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பசியோடுதான் வந்தார்கள். இலை போடுவது மட்டும்தான் என் வேலை.

எதிர்வீட்டு ஜூலி, காலையில் பூங்காவில் தன்னோடு சேர்ந்து நடக்கிற நான்கு கிழவிகளையும் போன சனிக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். அதில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் சரசும்தான். சரசுவும் பிள்ளையார்பாளையம். அங்கே இரண்டு தெரு தள்ளி இருந்தும் பழக்கமில்லை. இங்கே வந்துதான் சினேகம். வருகிற தை மாதம் இரண்டு பேரும் ஒன்றாக ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்து, என் பெட்டியிலேயே இருவர் சாமானையும் அடுக்க ஆரம்பித்திருந்தோம். நான் அஞ்சாவது படித்தவள். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது யாரிடமும் வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். சரசு இங்கிலீஷில் கேட்டுவிடுவாள். அவள் கூட வந்தால்தான் அனுப்புவேன் என்று மகன் சொல்லிவிட்டான்.

கொறிக்கிற பலகாரம் என் பங்கு. சுலபமானதுதான். பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, நெய்யில் வதக்கிய முந்திரியை உள்ளே வைத்து, மேலே மிளகுத்தூளும் கொஞ்சம் உப்பும் தூவினேன். வாயில் போட்டுப் பார்க்கவில்லை. சாமிக்குக் காட்டாமல் எதையும் நாக்கில் வைக்கக்கூடாதென்று மாமியார் பழக்கியது. விருந்தாளிக்குச் செய்தாலும் அப்படித்தான். நிறத்தைப் பார்த்தே உப்பு சொல்லிவிடுவேன், எங்கள் ஊர்ச் சாமானாக இருந்தால். இங்கே டப்பாவில் வருகிற முந்திரியில் முன்பே உப்பு போட்டிருப்பார்கள் என்பது தோன்றவில்லை.

ஜூலி ஒன்றைக் கடித்து, "லவ்லி" என்றார். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம், இன்னும் இரண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லித் தட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்கள். சரசுதான் என் பக்கத்தில் வந்து, "இன்னாக்கா இது, உப்பு கரிக்குது" என்றாள். கூசிப்போனாலும், உண்மையைச் சொல்ல இவள் ஒருத்தியாவது இருக்கிறாளே என்று மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஜூலி ஒரு கேக்கைக் கொண்டுவந்து சரசு முன்னால் வைத்தார். எல்லாரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். பிறந்தநாள் என்று நினைத்து நானும் கை தட்டினேன். விசேஷம் என்னவென்று அவளிடம் கேட்டேன்.

அவள் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இங்கயே இருக்க விசா வந்துடுச்சுக்கா. நான் வரல."

எப்போது வந்தது என்றேன். ஆடி மாதமே வந்துவிட்டதாம்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாளத் தள்ளிக்கினே வந்தேன். நீ கோச்சிக்காதக்கா. உன் பெட்டியில இருக்கற என் சாமானெல்லாம் நீயே எடுத்துக்கினு போய் என் தங்கச்சிகிட்ட குடுத்துடு."

என் கூச்சம் அவளுக்குத் தெரியாததா? ஆடியிலிருந்து தினமும் என்னோடு நடந்தாள். தையில் என்ன வாங்குவோம், யாரைப் பார்ப்போம் என்று நான் பேசப் பேச ஊம் கொட்டிக்கொண்டே நடந்தாள். வெள்ளைக்காரிகள் மூன்று பேருக்கும் சொன்னவள், நாக்கிலே தமிழ் இருந்தும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு உப்பைச் சொல்லத் தெரிந்தவளுக்கு இது வாயில் வரவில்லை.

எங்கள் வீட்டுத் தறியில், உடலும் கரையும் தனித்தனி நூலில் ஓடும் கோர்வைச் சேலை நெய்யும்போது வீட்டுக்காரர் உடலை நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவேன். அவசரமாக எழுந்திருக்க வேண்டுமென்றால்கூட, "எழுந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். சொல்லாமல் எழுந்தால் அவர் கை அந்தரத்தில் நிற்கும்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். "அப்பறம் எப்படிம்மா தனியா போவ? பேசாம எங்க கூடவே இரு" என்றான். அவன் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

பெட்டி என் அறையில் திறந்தபடி கிடக்கிறது. ஒரு பாதியில் அவள் தங்கைக்கு வாங்கிய போர்வையும் சோப்புகளும். மறு பாதியில் என் சேலைகள், நடுவில் பிள்ளையார்பாளையத்து வீட்டுச் சாவி. மூடவும் மனசில்லை, பிரிக்கவும் மனசில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அந்தச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த வீட்டு வாசல் கதவுவரை போகிறேன். பூங்காவுக்கு நடக்கப் போவதில்லை. சரசு தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்து போகும்வரை கதவின் பின்னால் நிற்கிறேன்.