பூட்டில் தொங்கிய முகம்

எங்கள் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில், மண் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட்டைப் பழுது பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் அதன் ஸ்விட்சில் தங்கள் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பூட்டோடு அவரவர் படம் ஒட்டிய அட்டை தொங்கும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் பெல்ட் ஓடும். அன்று மதியம் ஷிப்ட் மாறியபோது ஒரு பூட்டு மட்டும் மிச்சம். பூட்டுக்காரரைக் காணோம், போனும் ஸ்விட்ச் ஆஃப். அந்த ஷிப்டுக்கு நான்தான் இன்ஜினியர்.

"குறிஞ்சிப்பாடி பஸ் ஏறி வூட்டுக்குப் போய்க்கினு இருப்பான் மேடம். பூட்ட மறந்துட்டிருப்பான்" என்றார் ஃபோர்மேன். சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். மேலதிகாரி போனில், "பூட்ட வெட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். ஏசி அறையிலிருந்து பார்த்தால் உலகமே சுலபம்தான்.

எனக்கும் சுலபமாகத்தான் இருந்தது. கட்டரைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது காற்றில் அந்த அட்டை திரும்பியது. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, சிரித்தால் போட்டோக்காரர் திட்டுவார் என்பதுபோல் விறைப்பாகப் பார்த்தார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

காற்று மறுபடி அட்டையைத் திருப்பியது. இப்போது கரி படிந்த வெறும் பின்பக்கம். சத்தியமாகச் சொல்கிறேன், மனசு உடனே லேசாகிவிட்டது. நம்ப முடியாமல் நானே அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முகம் தெரிந்தால் பயம் நெஞ்சை அடைத்தது, மறைந்தால் விட்டது. அதே பூட்டு, அதே பெல்ட். உள்ளே ஆள் இருக்கலாம் என்கிற ஆபத்து இம்மியளவும் மாறவில்லை. ஒரு மனிதரின் உயிர் என் மனசில் இவ்வளவு மெல்லிய இடத்திலா தொங்கிக்கொண்டிருக்கிறது!

கட்டரைக் கீழே வைத்தேன். "பெல்ட் நெடுக நடந்து பாத்துடலாம்."

"அம்மாந்தூரமா மேடம்?"

"அம்மாந்தூரமும்தான்."

ஃபோர்மேன் ஒரு பக்கம், நான் மறுபக்கம், அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும் சுரங்கத்தில் அன்று மைனா கத்துவது கேட்டது. தூரத்தில் மண் வெட்டும் ராட்சசச் சக்கரம்கூட அசையாமல் நின்றது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பூட்டுக்காக இத்தனையும் காத்திருக்கிறதே என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது. பெல்ட்டுக்கு அடியில் ஒரு பழைய துணி கிடந்தாலும் உயிர் போய் வந்தது.

உள்ளே யாரும் இல்லை. நாங்கள் திரும்பி வந்தபோது பூட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க எதிரே ஓடிவந்தார். "பஸ்ல போகசொல்லதான் பூட்டு ஞாபகம் வந்துச்சு மேடம். போன்ல சார்ஜ் இல்ல. பாதியில எறங்கி ஓடியாரேன்."

"வெட்டியிருந்தா?" என்று கத்தினேன்.

"நா பஸ்லதான மேடம் இருந்தேன்? ஒண்ணும் ஆயிருக்காது" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். ஒன்றும் ஆகியிருக்காது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் நடுக்கம். அன்று வெட்டி, ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் அடுத்த பூட்டை யோசிக்காமலே வெட்டியிருப்பேன்.

மறுநாளே எல்லா அட்டைகளிலும் பின்பக்கமும் படம் ஒட்டச் சொன்னேன்.

"ஒரு மூஞ்சி போதாதா மேடம்?" என்றார் ஃபோர்மேன்.

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது" என்றேன்.