ரோமாபுரிக் காசு காணாமல் போன நாள்

அந்தக் காசு பார்க்க ஒன்றுமே இல்லை. பச்சை பிடித்த வெண்கலம், ஓரமெல்லாம் தேய்ந்து, என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் ரோமாபுரி ராஜாவின் தலை, மறுபக்கம் ஏதோ கோயில். ரோமில் அடித்ததுகூட இல்லையாம். அவர்கள் ஆட்சிக்குக் கீழே இருந்த ஏதோ ஓர் ஊர் தன் சந்தைக்காகத் தானே அடித்துக்கொண்டதாம்.

பெங்களூர்ப் பக்கம், தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் கோரமண்டலில் பழைய துரை பங்களா ஒன்றை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே பெருக்கித் துடைப்பது என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு அதுவே பெரிசு. காசுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் கீறல் விழுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். காசுகளைக் கறுப்புத் துணியில் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் போனபிறகு பார்த்தால் அந்த ஒரு காசு மட்டும் இல்லை.

என் குணம் வேறு அப்படி. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். யாராவது எதையாவது தொலைத்தால் என் பையில் விழுந்திருக்குமோ என்று பதறுவேன். அன்றும் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே பையை மேஜைமேல் கொட்டிவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோற்றையும் கிளறிக் காட்டினேன்.

மேனேஜர் தொழிற்சாலையில் இருந்து ரிடையர் ஆனவர், தமிழர்தான். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்களுக்கு, சுரங்கத் தொழிலாளிகளான எங்கள் லைன் வீடுகளைப் பற்றி எப்போதும் ஓர் எண்ணம் உண்டு.

"யாரும் உங்களக் கேக்கலியே. இன்னாத்துக்கு நீங்களே கொட்றீங்க?" என்றார். பிறகு எல்லார் எதிரிலும் சிரித்துக்கொண்டே, "மைன்ஸ் ஆளுங்களாச்சே. ஒளிக்கிற எடத்த உங்களுக்கு யாரு சொல்லித் தரணும்?"

டிக்கெட் கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, என்னைப் பாத்ரூமில் சோதனை போடச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி முந்தானையை உதறினாள், கொண்டையைப் பிரித்தாள். அவள் கேட்காமலே நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். என் அப்பாவும் இருபது வருடம், ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜ் லிப்டில் மேலே வந்ததும் அப்படித்தான் காவல்காரரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். தங்கம் வெட்டினவர். காதுக்கு ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். அவர் பெண் போயும் போயும் ஒரு செல்லாக் காசைத் திருடினாளாம்.

மத்தியானம் போன் வந்தது. பங்காருபேட்டையில் வண்டி மாறும்போது போட்டோக்காரர் பையைச் சரிசெய்திருக்கிறார். காசு கறுப்புத் துணியின் மடிப்பில் இருந்திருக்கிறது. அடுத்த வண்டியிலேயே கொண்டுவந்து கொடுத்தார். மேனேஜர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

வேலை போய்விடலாம் என்று தெரியும். ஆனாலும் துடைக்கப் போகவில்லை. மாப்பை வாளியில் போட்டுவிட்டு, பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லார் எதிரிலும் சொன்னதை எல்லார் எதிரிலும் அவர் திருப்பி வாங்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். சின்ன விஷயத்தை நான் பெரிசாக்குவதாகச் சொன்னார். அதற்குள் ஒரு குடும்பம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் குரலைத் தாழ்த்தி, காசு கிடைத்துவிட்டது என்று டிக்கெட் பெண்ணிடம் சொன்னார்.

"காசப் பத்தி இல்ல சார். என்னப் பத்திச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்து, "இந்தம்மா எடுக்கல" என்றார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. நான் எழுந்தேன். மாப்பைத் தொடவில்லை. பாதி துடைத்த கூடத்தை அப்படியே விட்டுவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் சரியான நேரத்துக்குப் போனேன். போகாவிட்டால் நான்தான் எடுத்தேன் என்று ஆகிவிடும்.