காரின் வாலைக் கொளுத்தினேன்

எந்தப் பிளாஸ்டிக்கை வேண்டுமானாலும் என் கையில் கொடுங்கள், என்ன ரகம் என்று சொல்லிவிடுவேன். தாராவியில் காம்பவுண்ட் என்கிற பழைய சாமான் குடோன் பகுதியில் முப்பது வருடம் பிளாஸ்டிக் பிரித்தவள் நான். தரையில் தட்டிச் சத்தம் கேட்பேன். நகத்தால் கீறிப் பார்ப்பேன், வளைத்துப் பார்ப்பேன். அதற்கும் பிடிபடாவிட்டால் ஓரத்தில் தீக்குச்சி வைத்து, ஊதி அணைத்து, முகர்வேன். வாளி செய்கிற பிளாஸ்டிக் அணைந்த மெழுகுவத்தி மாதிரி இருக்கும். பைப் மூக்கை அறுக்கும். தயிர் டப்பா ரகம் கறுப்புக் கறுப்பாக நூல் விட்டுப் புகையும், கேந்தாப் பூவை, செண்டுமல்லி என்பார்களே, அதைக் கசக்கின வாசம் வரும். பள்ளிக்கூடம் எனக்கு இரண்டு வகுப்போடு சரி. ஆனால் இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது.

என் மகளும் பிளாஸ்டிக்காரிதான் என்று ஒருநாள் தெரிந்தது. ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாற்பது வயதாகிறது. கல்யாணம் வேண்டாம் என்றாள், நானும் இரண்டு வருடம் சண்டை போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன். லீவு நாளில் பெட்டியில் வருகிற கார் பொம்மையை, துண்டு துண்டாக இருப்பதை, ஒட்டி வண்ணம் அடிப்பாள். எதிர் அறைக்காரி கதவில் சாய்ந்துகொண்டு கேட்பாள்.

"ஏக்கா, ஒம்ம மக இன்னும் பொம்ம வச்சுத்தான் வெளயாடுதாளா?"

"ஆமா. ஒம் மகன் போன்ல தேய்ச்சு வெளயாடுதான்லா, அதுக்கு இது மேலு" என்பேன்.

இவளைப் போலக் கார் செய்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஹாலில் கூடி, செய்ததையெல்லாம் மேசையில் வைத்துக் காட்டுவார்கள். ஐந்து வருடமாக இவள் வேடிக்கை பார்க்கத்தான் போய்வந்தாள். போன வருடம் தனக்கும் ஒரு மேசை வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்டிருக்கிறாள். "பெட்டியில வர்றத அப்படியே ஒட்டுறவங்களுக்கு மேசை கிடையாது. நீயா எதையாவது மாத்திச் செஞ்சு கொண்டா, பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்காகத்தான் அந்தக் கார். கடையில் கிடைக்கிற ஒரு சாதாரண ரேஸ் கார் பெட்டியை வாங்கினாள். நிஜத்தில் அந்தக் காரைச் செய்கிற கம்பெனியே, இன்னும் ரொம்ப வேகமாக ஓடுகிற கார் ஒன்றை விரல் விட்டு எண்ணுகிற அளவில் செய்திருக்கிறதாம். அதை வைத்திருக்கிறவர்கள் வெளியில் எடுக்கக்கூட மாட்டார்களாம். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்தாள். முகமும் கதவும் இரண்டுக்கும் ஒன்றுதான். பின்பக்கம்தான் வேறு. வால் நீண்டு, நுனியில் வாத்து மாதிரி தூக்கி நிற்கும்.

புதுக் காரின் பின்பாதியை ரம்பத்தால் அறுத்துப் போட்டாள்.

"நல்லா இருக்கதப் போயி ஏட்டி அறுக்கே?"

"அறுத்தாத்தான்மா அது வேற கார் ஆகும்."

மரத்தில் வாலின் அச்சைச் செதுக்கினாள். அதற்கே இரண்டு மாதம் போனது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அச்சின்மேல் அழுத்தினாள். நாலு ஷீட் கிழிந்து ஐந்தாவதில்தான் வால் வந்தது. அதுதான் கடைசி ஷீட். காட்சிக்கு ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் மேசையைத் துடைக்கப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அங்க ஒண்ணையும் தொடாத. அது ஃபாரின் ஷீட்டு, ஒன் காம்பவுண்ட் மால் இல்ல."

ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் சொன்ன சொல். அவள் போய்விட்டாள், சொல் என்னோடு இருந்துகொண்டது. ஃபாரினாம். எத்தனை ஃபாரினை நான் கோணியில் அள்ளியிருக்கிறேன்!

மேசையில் செய்தித்தாள் விரித்து வெட்டித் தள்ளின துண்டுகள் கிடந்தன. அதில் ஓரம் பிசிர் பிசிராக ஒரு வளைந்த துண்டு. கழிவுதானே என்று எடுத்தேன். நகத்தால் தட்டினேன். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, தீக்குச்சியைக் கிழித்து ஓரத்தில் வைத்தேன். குப்பென்று பிடித்தது. கறுப்பு நூல் பறந்தது. ஊதி அணைத்து முகர்ந்தேன். கேந்தாப் பூ. தயிர் டப்பா!

"இதுவா ஃபாரினு?" என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்தபடியே நிமிர்ந்தால் எதிரே சுவரில் அந்தப் படம். அந்தத் தூக்கி நிற்கிற நுனி. என் கையில் அதே நுனிதான் கருகிச் சுருண்டிருந்தது.

சாயங்காலம்வரை எத்தனையோ பொய் யோசித்தேன். எலிமேல் பழியைப் போடலாம் என்றால் எலி தீக்குச்சி கிழிக்குமா? அவள் வாசலில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, என்னத்த கொளுத்துன?"

"என்ன ரகம்னு பாத்தேன்."

மேசையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். தோளில் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஷீட்டு தீந்துபோச்சும்மா. ஆர்டர் போட்டா வர மூணு வாரம். விடு. அடுத்த வருஷம் பாப்போம்" என்றாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லி ஆறியிருப்பேன். தட்டில் வைத்த சோற்றை அவள் தொடவில்லை.

மறுநாள் காலை காம்பவுண்டுக்குப் போனேன். வேலையை விட்ட பிறகு அந்தப் பக்கம் நான் மிதித்ததில்லை. திரும்ப வேலை கேட்டு வந்தாள் என்று யாராவது நினைத்துவிட்டால்? பழைய முதலாளி, எங்கள் ஊர்ப்பக்கத்துப் பாய், தராசுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்கக்கா! என்ன, வீட்ல சும்மா இருக்க முடியலையோ?"

"வேலைக்கி வரல பாய். ஒடஞ்ச ஃபிரிட்ஜு கெடக்கா? கதவுக்கு உள்பக்கம் வெள்ளத் தகடு இருக்கும்லா, அது வேணும்."

"அது என்னத்துக்கு?"

"காரு செய்யதுக்கு."

பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அக்கா, வெயில்ல வந்திருக்கிய. மொதல்ல ஒரு சாயா குடிங்க."

சாயா பிறகு என்றேன். மூன்று கதவு கிடந்தது. முதல் தகட்டில் ரப்பர் கருகின வாசம், அது வேண்டாம். இரண்டாவது வெயிலில் கிடந்து மடமடவென்று ஒடிந்தது. மூன்றாவதை வளைத்தேன், வெளுத்துக்கொண்டு வளைந்தது. ஓரத்தில் தீ வைத்தேன். கேந்தாப் பூ. நேற்று என் மானத்தை வாங்கின அதே வாசனை.

தகடு இரண்டு பக்கமும் துருத்த, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மகள் நம்பவில்லை. பழசாகி மஞ்சள் பாரித்திருக்கிறது என்றாள். ஒரு துண்டை வெட்டி, அவளுடைய பசையைத் தொட்டுக் காரோடு வைத்துப் பார்த்தாள். அந்தப் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டும், வேறு ரகம் என்றால் பிடிக்காது. சற்று நேரம் கழித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். "ஏம்மா…" என்றவள், தகட்டை எடுத்து அச்சுக்கு அளவு பார்த்தாள்.

வியாழக்கிழமை லீவு போட்டாள். நான் இரண்டு இடுக்கியால் தகட்டை அடுப்புக்கு மேலே பிடித்தேன், அவள் அச்சை வைத்துக்கொண்டு நின்றாள். வெட்டின முதல் துண்டு அவள் அவசரத்தில் கிழிந்தது.

"பொறுட்டி. மொதல்ல பளபளன்னு வரும். பொறவு வயிறு தொங்கும். நான் சொன்ன பொறவு வை."

"சரி, சரி. நீ ஆட்டாத."

வயிறு தொங்கியது. "ம்!" என்றேன். அழுத்தினாள். வால் வந்துவிட்டது. அது ஆறுகிறவரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தேய்ப்பும் வண்ணமும். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அவளுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். நீலக் காரை அதில் வைத்து, வால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினாள். பக்கத்தில் ஒரு அட்டையில், வால் எதில் செய்தது என்று இங்கிலீஷில் எழுதி வைத்தாள். மாட்டுங்காக்காரர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து வாசித்தார்.

"ஃபிரிட்ஜ் கதவா? இது தாங்கும்னு எப்படிம்மா தெரிஞ்சுண்டே?"

"எனக்குத் தெரியாது சார். எங்கம்மா கண்டுபிடிச்சாங்க."

அவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "சொல்லுங்கோம்மா, எப்படிக் கண்டுபிடிச்சேள்?"

முப்பது வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வாயால் சொன்னால் புரியாது, செய்துதான் காட்ட வேண்டும். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். மகள் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து, தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா!"

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக. ஆனால் தீப்பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

இப்போது அது அவள் கார் சாமான் வைக்கிற டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான், விளக்கேற்ற தினமும் அவள் முன்னால் போய்க் கை நீட்டுகிறேன். ஒரே ஒரு குச்சியை எண்ணித் தருவாள். நானும் வாங்கிக்கொண்டு போய் விளக்கேற்றுகிறேன்.