சாந்தாமணி அக்கா பார்க்காத கதவு

அக்காவின் மகன் அழைத்தபோது உக்கடத்தில் பொள்ளாச்சிப் பேருந்துக்காக நின்றிருந்தேன். "சித்தி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான். சாலையைக் கடந்து, அக்கா வீடு இருக்கும் துடியலூருக்குப் பேருந்து ஏறினேன். சாந்தாமணி அக்காவோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு இந்தச் செய்தி இப்போதுதான் வந்து சேரும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பம்ப் கம்பெனி ஒன்றின் டிராயிங் செக்‌ஷனில் நாங்கள் அடுத்தடுத்த மேஜை. வரைபலகை போய்க் கம்ப்யூட்டர் வந்த சமயம் அது. யாரோ அதில் ஒரு கேமை ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் புகுந்த சுரங்கத்துக்குள் ஒருவன் கைவிளக்கோடு தம்பியைத் தேடிப் போவான். அவன் திரும்பினால் சுரங்கமும் கூடவே திரும்பும். அப்படியொன்றை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மத்தியானமானால் அக்கா சாப்பாட்டை மறந்து அதன்முன் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் ஒரே அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "இங்க கதவே இல்ல அம்மணி."

"இடது பக்கம் இருக்குதுங்களேக்கா."

தலையைத் திருப்பிப் பார்த்தவர், "இப்பத்தான் முளைச்சாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

அந்த கேமில் தூரமெல்லாம் மூட்டமாக இருக்கும். பொருள்கள் அதிலிருந்து திடீரென்று எழும். அக்காலக் கம்ப்யூட்டரின் சக்தி அவ்வளவுதான். அதனால் அக்கா பதறும்போதெல்லாம் கேமின்மீதே பழி போட்டோம். ஆனால் அவரை அலறவைத்த மிருகங்கள் பக்கவாட்டிலிருந்து நிதானமாக நடந்துதான் வந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகு ஒரு மாலை, மேட்டுப்பாளையம் சாலையில் அவர் காலெடுத்து வைத்தார். லாரி வந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். காற்று முகத்தில் அறைந்தது. அக்காவுக்குப் பயத்தைவிடக் குழப்பமே அதிகமாக இருந்தது. "எங்கிருந்து அம்மணி வந்துச்சு? வந்ததையே காணமே?" அந்தத் திரைமுன் தினமும் கேட்ட குரல் அது.

மறுநாளே கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நடுவில் வந்த புள்ளிகளுக்கு மட்டுமே அக்கா அழுத்தினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் கொஞ்சகாலம் காக்கலாம் என்றார் டாக்டர். திரும்பும் பேருந்தில் அக்கா சொன்னார்: "இருட்டா இருந்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமல்ல? இருட்டே இல்ல அம்மணி. அங்க ஒண்ணுமே இல்லாதமாதிரி இருந்துச்சு."

தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பல வருடம் வரைந்தார். நடுவில் மிஞ்சிய பார்வையும் சுருங்கியபோது வேலையை விட்டார்.

போன வருடம் என் மகள் அந்தப் பழைய கேமை லேப்டாப்பில் ஏற்றினாள். அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனோம். மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முகங்கள் அட்டையை மடித்ததுபோல இருந்தன. சுவர்கள் பிளந்து பிளந்து ஒட்டின. கேமின் கேமரா தூணுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. பார்வையை முழுக்க இழந்திருந்த அக்கா, தண்ணீர் சொட்டும் ஓசையைக் கேட்டபடி அமர்ந்திருந்தார். சட்டென்று மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "நில்லு கண்ணு. பக்கத்துல வந்துருச்சு." திரையில் ஒன்றுமில்லை. மகளின் சிரிப்பு நின்றது. பிறகு மூட்டம் விலகி அந்த மிருகம் நின்றது.

"இந்த கேம் இப்பவும் நல்லாருக்குதுங்களா பெரியம்மா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"படத்தை நீதான் சொல்லோணும். பயம் அப்படியேதான் இருக்குது. அப்பெல்லாம் அது கேமுக்குள்ள இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

துக்க வீட்டில், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மகன் ஓரத்து நாற்காலியில் மோதினான். வெளிச்சம் பத்தவில்லை என்றான். நல்ல வெயில் நேரம். இந்த நோய் குடும்பத்தில் தொடரக்கூடும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். காரியம் முடிந்ததும் கண்ணைக் காட்டப் போகலாம் என்றேன். எனக்கொன்றுமில்லை சித்தி என்கிறான். விடப்போவதில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான்.