பூவராகனின் சோதனைச் செய்தி

என்டரைத் தட்டிவிட்டு இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து தூக்கிக்கொள்கிறான் பூவராகன். பதில் வரும்வரை கை கீழே இறங்காது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஊதித்தான் விரட்டுவான். திரையில் ‘இணைந்தது’ என்று வந்ததும் பெரிய மூச்சு விட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிப்பான்.

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். உறவில்லை, என்றாலும் நான் அவனுக்கு மாமா. செயலி எழுதுவது தொழில். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு இப்போது எழுதிக் கொடுத்திருக்கிறான். கடலூர், பண்ருட்டி, காட்டுமன்னார்கோயில் கிளைகளில் எடுக்கும் ரத்தத்தின் விவரம் சிதம்பரத்துத் தலைமை லேபில் உடனே தெரியவேண்டும்.

“எல்லாம் கிளவுட் டேட்டாபேஸ்ல இருக்கு மாமா. நம்ம ஆப்பு நேரா போயி கதவத் தட்ட முடியாது. கிளையன்ட் லைப்ரரின்னு ஒண்ணு நடுவுல இருக்கும். சாவிய அதுங்கிட்ட குடுத்துட்டா, அதுவே போயி தொறந்து, சொன்னத சொல்லி, பதில வாங்கியாந்துரும்.”

அந்தச் சாவி என்பது சம்பந்தா சம்பந்தமில்லாத எழுத்தும் எண்ணும். நான் எட்டிப் பார்த்தால் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வான். மறைக்காவிட்டால் மட்டும் எனக்கு என்ன விளங்கிவிடப்போகிறது!

“நெட்டு போயிட்டா?”

“திருப்பித் திருப்பிக் கேக்கும் மாமா. வுடாது.”

“நீயும் அப்படிக் கேட்டா என்னடா?” என்றேன் ஒருநாள். முகம் சுண்டிப்போனது. “போங்க மாமா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விஷயம் இதுதான். சிதம்பரத்தில் மைத்துனிக்குக் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை இவன்; மாலை எடுத்துக் கொடுக்க ஆளைத் தேடியிருக்கிறார்கள். இவன் ஏதோ கனெக்‌ஷனைச் சரிசெய்துவிட்டு, கடைசிப் பந்திக்கு இலை எடுத்த பிறகு போய் நின்றான். “வேலை முடிஞ்சிருச்சா? மிச்சம் இருந்தா போயி பாருங்க” என்றாளாம் மனைவி வினோதினி. அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். அதே பரிசோதனை நிலையத்தின் கடலூர் கிளையில் வேலை பார்த்தவள், மாற்றல் கேட்டுச் சிதம்பரத்து லேபுக்கும் போய்விட்டாள்.

அந்த லேபுக்குச் செயலி வேண்டும் என்றதும் முதல் ஆளாய்ப் போய் இவன் ஏன் வேலையைக் கேட்டு வாங்கினான் என்று தெருவுக்கே தெரியும். “ஆப்புல அவ பேரு பக்கத்துல பச்சைப் புள்ளி வந்தா போதும் மாமா. வந்துட்டா, ஒக்காந்துட்டான்னு தெரியும்” என்பான். நாளெல்லாம் அந்தப் புள்ளியைப் பார்த்து ஏங்குவான். மும்பையில் இருக்கும் அந்த டேட்டாபேஸுக்குப் போய்ச் சிதம்பரத்துக்கு வர இவன் செய்திக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். இவன் கிளம்பிப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். போகமாட்டான். அப்படி ஒரு ரோஷம். “போயி, மூஞ்சத் திருப்பிக்கிட்டான்னா?” என்று ஒரு பயமும். இதற்கிடையில், மாதக் கடைசியில் வண்டியோடு வந்து சீர் சாமானை ஏற்றிக்கொள்கிறோம் என்று மாமனார் சொல்லி அனுப்பிவிட்டார்.

போன புதன்கிழமை சாவியை மாற்றினான். மாற்றினால் ஏதாவது ஒரு சொல்லை அனுப்பிச் சோதிக்கவேண்டுமாம். மற்றவர்கள் ஹலோ என்பார்களாம். இவன் அடிப்பது ‘சாப்டியா?’.

“வாயில வர்றது அதான் மாமா.”

சோதனைக்கென்று தனி டேட்டாபேஸ் வைத்திருக்கிறான். அன்று யோசனை எங்கேயோ இருந்திருக்கிறது. நிஜ டேட்டாபேஸின் சாவியைப் போட்டுவிட்டான். எல்லாக் கிளைகளிலும் அறிவிப்புப் பகுதியில் ‘சாப்டியா?’ என்று போய் விழுந்தது, கீழே இவன் பெயரோடு!

“ஐயய்யோ!”

அழிப்பதற்குள் பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. பண்ருட்டி, ‘ஆச்சு சார், இட்லி.’ காட்டுமன்னார்கோயில், ‘எங்கண்ணே, ஒரே கூட்டம்.’ கடலூர்க் கிளை ஜோதிலட்சுமி, ‘இத யாருக்கு அனுப்புனீங்கன்னு எங்களுக்குத் தெரியும்.’ எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனோ வியர்த்துப்போய் அழிக்கும் பொத்தானைத் தேடினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இருடா. சிதம்பரம் இன்னும் சொல்லல.”

பச்சைப் புள்ளி இருந்தது. பதில் இல்லை. கீழே மீன்காரம்மா கூவிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனாள். போதும், அழித்துவிடட்டும் என்று நான் கையை விட்ட நேரம், திரையில் கடைசி வரியாக வந்தது.

வினோதினி: ‘இல்ல. நீங்க?’

பூவராகன் பதில் அடிக்கவில்லை. கொடியில் கிடந்த சட்டையை உருவிக்கொண்டு படியிறங்கினான். நான் ஜன்னலுக்குப் போவதற்குள் தெருமுனையை எட்டியிருந்தான். சிதம்பரம் பஸ் அப்போதுதான் நகர்ந்தது. பாதிச் சட்டை தோளில் தொங்க, பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் பட்பட்டென்று அடித்துக்கொண்டே கூட ஓடினான்.