மாஸ் மாறாது

புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார் ஆம்ப்ரோஸ். கடைசியில் விடைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். இல்லையென்றால் அலமாரியிலேயே செருகிவிடுவார். புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலுள்ள என் பழைய புத்தகக் கடைக்கு வந்துவிடுவார். தேடுவது இயற்பியல் புத்தகம், பதினைந்து வயது மகள் செரினாவுக்கு.

"ரொம்பத் தடியா இருந்தா மூடி வச்சிடுறா. படம் போட்டதா இருந்தா, நான் என்ன பிரைமரியான்னு கோச்சுக்கிறா. நடுவுல ஒண்ணு குடுங்க லா."

அப்படி ஒன்றை இன்னும் யாரும் எழுதவில்லை என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

பதற்றத்துக்குக் காரணம் ஒரே ஒரு சொல். இரண்டு மாதங்களுக்கு முன், "நிலாவுக்குப் போனா மாஸ் மாறுமாப்பா?" என்று செரினா கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது பொருளின் நிறையை. முகம் கழுவிக்கொண்டிருந்த இவர் காதில் பாதிதான் விழுந்தது. தேவாலயப் பூசை என்று நினைத்து, "மாறலம்மா, சண்டே எட்டரைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். விடை சரிதான், கேள்விதான் வேறு. மகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"அன்னையிலேருந்து எங்கிட்ட ஒண்ணுமே கேக்குறதில்ல. எல்லாம் போன்லதான். இப்படியே போனா எங்களுக்குள்ள பேச என்னங்க இருக்கும்? அதான், முதல்ல நான் படிச்சு வச்சுக்கிறேன். பின்னாடி ஆன்சர் இருந்தா சரி பாத்துக்கலாம்ல?"

அவரைக் கேலி செய்ததற்காக எனக்கு வெட்கமாகிவிட்டது.

சென்ற சனிக்கிழமை செரினாவும் வந்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தானே ஒன்றை எடுத்துப் புரட்டினாள். அரை மணி நேரமும் ஆம்ப்ரோஸ் உட்காரவில்லை. தலை நிமிராமலே அவள் கேட்டாள்:

"அப்பா, லிஃப்ட் கேபிள் கட்டானா உள்ள நிக்கிறவன் மிதப்பான்னு போட்டிருக்கு. ட்ரூவா?"

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மிதக்குறது எனக்குத் தெரியலம்மா. ஆனா லிஃப்ட் அப்படி விழாது. கேபிள் ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கும். எல்லாம் போனாலும், ஸ்பீடு ஏறுனதும் பிரேக் ரெண்டு பக்கமும் கவ்விக்கும்."

"வெயிட், வெயிட். ஸ்பீடு ஏறுனது பிரேக்குக்கு எப்படித் தெரியும்?" நோட்டையும் பென்சிலையும் நீட்டினாள். "வரைஞ்சு காட்டுங்கப்பா."

அவர் உடனே வாங்கவில்லை. இரண்டு கைகளையும் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.